தேற்றாங்கொட்டை

எங்கள் பக்கத்துத் துக்க வீடுகளில் வாசிக்கிற வேதபாகம் பெரும்பாலும் யோவான் 14-ஆம் அதிகாரம்தான். பெட்டியை வாசலில் இறக்கி வைத்து, பெண்கள் அழுகையைக் கொஞ்சம் அடக்கியதும், ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடங்குவார்: "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக." சின்ன வயதிலிருந்து எத்தனை வாசலில் நின்று இதைக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கேட்டுக் கேட்டு அந்த வரி காதில் விழாமலே போய்விட்டது. கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மணிச் சத்தம் கேட்காதாம், அது மாதிரி.

2023 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே அதை வாசித்தார்கள். பெட்டியில் இருந்தது என் வீட்டுக்காரர். அன்றைக்குத்தான் அந்த வரி முதல்முறையாக என் காதில் விழுந்தது. எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை, கோபம்தான் வந்தது. கலங்காமல் இரு என்று ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்ல முடிகிறது என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற மகன் என் கையைப் பிடித்திருந்தான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று 2020-ல் தெரிந்தது. ஊரடங்குக் காலம். அன்றிலிருந்து மூன்று வருஷம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இடது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு ரத்தக் குழாயை இணைத்து பிஸ்டுலா போட்டிருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்தால் பூனையின் வயிற்றைத் தொடுகிற மாதிரி அதிரும். காதை வைத்தால் 'கிர்ர்' என்று ஓயாத சத்தம். சத்தம் நின்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், உடனே கிளம்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் ராத்திரி இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ முழிப்புத் தட்டினால் அவர் கையில் காதை வைப்பேன். சத்தம் இருந்தால், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். அந்த மூன்று வருஷமும் நான் செய்த ஜெபம் என்றால் அதுதான். முழங்கால் போட்டு நீளமாக ஜெபிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன், மாத்திரைக்கும் அதிலிருந்துதான். சித்திரை வெயிலில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

2022-ல், டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில், டோனாவூருக்குப் போக வேண்டும் என்றார். களக்காடு தாண்டி, மலையடிவாரத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிற இடம். அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1901 முதல் அங்கேதான் இருந்தார். கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிட இருந்த பெண்குழந்தைகளையும், போக்கிடம் இல்லாத மற்றக் குழந்தைகளையும் வளர்த்தார். 1895-ல் இந்தியா வந்தவர், ஒரு தடவைகூட சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. இவ்வளவும் ஞாயிறு பள்ளியிலேயே படித்ததுதான். 1931-ல் அவர் இருட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டதையும், அதற்குப் பிறகு 1951-ல் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையிலேயே கிடந்ததையும் எங்களுக்கு யாரும் அழுத்திச் சொன்னதில்லை. அந்தக் கட்டிலில் இருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி வைத்து, அதில் தாய் என்று அர்த்தம் வருகிற ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்.

என் வீட்டுக்காரர் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவங்களுக்கும் சுகம் கிடைக்கல, பாத்தியா?" என்றார். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்களில் சிலர், விசுவாசம் மட்டும் சரியாக இருந்தால் மிஷினே தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் எதிர்த்துப் பேச மாட்டார். ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிட மாட்டார். இருபது வருஷம் எழுந்து நடமாட முடியாத ஒரு அம்மாளிடம் விசுவாசம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

அவர் போன பிறகு அதே ஆட்கள் எனக்குச் சொல்ல வந்தார்கள். நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்றார் ஒருவர். வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கெட்டியாகச் சொல்கிறேன், துக்கத்தில் இருப்பவரிடம் காரணம் சொல்லக் கூடாது. வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் வந்தவுடன் ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவதும் அவர்கள்மேல்தான், கத்திக் கத்திக் கேள்வி கேட்ட யோபுவின்மேல் இல்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எதிர்வீட்டு ஆச்சி சைவக் குடும்பம். தினம் சாயங்காலம் நாலு மணிக்கு வருவாள். ஒரு முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து உரிப்பாள். நானும் உரிப்பேன். பேச்சு இருக்காது. வெங்காயம் முடிந்ததும், "வாரேம்மா" என்று எழுந்து போவாள். அப்படி நாற்பது நாளுக்கு மேல் வந்தாள். எனக்கு அழ ஒரு சாக்கு கொடுக்கத்தான் வெங்காயத்தோடு வந்தாளோ என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

கோயிலுக்கு (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) போனேன், ஆனால் பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. வேதத்தில் 13-ஆம் சங்கீதத்தில் மட்டும் நின்றுகொண்டேன். "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிற சங்கீதம் அது. சில சனிக்கிழமைகளில் பாளையங்கோட்டைக் கோட்டைப் பக்கம் இருக்கிற பாப்பாத்தியம்மாள் கோயிலில் போய் உட்கார்ந்திருப்பேன். ஊரின் பெரிய கோயிலான ஊசிக்கோபுரக் கோயிலை விடச் சின்னது, பழையதும். 1785-ல் கிளாரிந்தா என்ற பிராமண விதவை கட்டிய கோயில். கணவன் செத்ததும் உடன்கட்டை ஏற இருந்தவள். காப்பாற்றிய ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்ததால், முதலில் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த அதிகாரியும் செத்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள், முதல் பெயர் அவளுடையது. நெல்லைச் சீமையின் புராட்டஸ்டன்ட் சபைகளுக்குத் தாய்ச்சபை, இரண்டு சாவைப் பார்த்த ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது. அந்தப் பெஞ்சில் உட்காரும்போது எனக்கு ஜெபிக்க வரவில்லை. ஆனால் உட்கார முடிந்தது.

அப்புறம் டிசம்பர் வந்தது. 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வென்ட் நாட்களில் மூன்றாவது வாரம். காலை ஆராதனைக்குப் போகும்போதே மழை விடவில்லை. அன்றைக்கும் மறுநாளும் பெய்த மழை இங்கே யாரும் வாழ்நாளில் பார்க்காத மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி இரண்டு கரையையும் விழுங்கிக்கொண்டு போனது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கானவர்கள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். டிவியில் அந்த ரயிலைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். என் அம்மா இருப்பது அங்கிருந்து ஏரல் போகிற வழியில், ஆற்றங்கரை ஊரில். வயது 76, தனியாக இருக்கிறாள். திங்கட்கிழமை காலையிலிருந்து போன் போகவில்லை.

இரண்டு நாள். அந்த இரண்டு நாளைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. அப்போதும் நான் ஜெபிக்கவில்லை, போனைத்தான் அழுத்திக்கொண்டே இருந்தேன். புதன்கிழமை சித்தப்பா மகன் டிராக்டரில் எப்படியோ போய்ச் சேர்ந்து, யாருடைய போனிலிருந்தோ பேசினான்: "யக்கா, பெரியம்மை நல்லாருக்காவ. கோயில்ல இருக்காவ."

வியாழக்கிழமை நான் போனேன். உடைந்த ரோடு, சுற்றுவழி, கடைசி இரண்டு மைல் நடை. இரண்டு பக்கமும் வாழை ஒரே திசையில் சாய்ந்து படுத்திருந்தது, யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி. கோயில் மேட்டில் இருப்பதால் தண்ணீர் படி வரைக்கும்தான் வந்திருக்கிறது. எல்லாத் தெரு ஆட்களும் உள்ளே இருந்தார்கள். சபை, சாதி, மதம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பீடத்துக்குப் பக்கத்திலேயே யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ படுத்திருந்தது. ராத்திரி இருட்டில் பிள்ளைகள் பயந்து அழாமல் இருக்கப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "தெரிஞ்ச கீர்த்தனை எல்லாம் தீந்து போச்சுட்டி. பொறவு கிறிஸ்மஸ் பாட்டுக்கு வந்துட்டோம். கீழத்தெருப் பிள்ளைக கூடப் படிச்சிட்டுது" என்றாள் அம்மா.

வீட்டைத் திறந்தபோது நாற்றம் முகத்தில் அடித்தது. கணுக்கால் அளவு வண்டல். பிரிட்ஜ் மிதந்து போய் மல்லாந்து கிடந்தது. அரிசி மூட்டை ஊறி வெடித்துப் புளித்திருந்தது. சுவரில் என் தோள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. பீரோவின் அடித்தட்டில் அப்பாவுடைய வேதாகமம் இருந்தது. இரண்டு மடங்கு உப்பி, செங்கல் கனம் கனத்தது. அம்மா அதை மடியில் வைத்து, தென்னை ஈர்க்குச்சியை நுழைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். மொட்டைமாடியில் வெயிலில் விரித்து, பறக்காமல் கூழாங்கல் வைத்தாள். முதல் பக்கத்தில் அப்பா நீல மையில் எழுதிய பெயர்கள் இருந்தன. எங்கள் பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம். மை ஊறிப் பரவி, எழுத்தைச் சுற்றி நீல நிறம் படர்ந்திருந்தது. என் கல்யாணத் தேதி இன்னும் வாசிக்கிற மாதிரிதான் இருந்தது. அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் இறந்த தேதி இல்லை. ஆகஸ்டிலேயே எழுதச் சொல்லி அம்மா என்னிடம் நீட்டினாள். நான் எழுதவில்லை.

குடிக்கத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வரும் என்றார்கள், வரவில்லை. கிணற்றில் இறைத்தால் டீ மாதிரி வந்தது. அம்மா பரணில் ஏறச் சொல்லி ஒரு பழைய தகர டப்பாவை எடுக்க வைத்தாள். அதில் சின்னதாக, உருண்டையாக, சாம்பல் நிறத்தில் கொட்டைகள். தேற்றாங்கொட்டை. என் ஆச்சி காலத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வரும்போதெல்லாம் இதுதான். நான் பெயர் கேட்டிருக்கிறேனே தவிர, கையில் வைத்துப் பார்த்ததில்லை.

அம்மா ஒரு மண்பானையைக் கழுவி மடியில் சாய்த்துக்கொண்டு, கொட்டையை உள்சுவரில் வட்டமாக இழைத்தாள். சந்தனம் உரைக்கிற மாதிரி சத்தம். ரொம்ப நேரம் இழைத்தாள். சுவரில் மெல்லிசாகப் பூச்சு படிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, தட்டால் மூடி மூலையில் வைத்தாள். நான் கொஞ்ச நேரத்தில் போய்த் திறந்து பார்க்கப் போனேன். "தொடாதட்டி. அதுவா தேறும்" என்றாள்.

அந்தச் சொல்தான். தேறும்.

அன்றைக்கு ராத்திரி கோயிலில் பாயில் படுத்திருக்கும்போது அது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. யோவான் 14-இல், "கலங்காதிருப்பதாக" என்று தொடங்குகிற அதே அதிகாரத்தில், கொஞ்சம் தள்ளி, பதினாறாம் வசனத்தில் வருகிறது, "வேறொரு தேற்றரவாளனை", அதாவது ஆறுதல் தருகிறவரை, பிதா தருவார் என்று. கலங்குவது தண்ணீர், தேற்றுவது கொட்டை. நம்முடைய வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள் குடித்த தண்ணீரை மனசில் வைத்துத்தான் அந்தச் சொல்லை எடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் சொல் அங்கே இருக்கிறது. ஐம்பது வருஷமாக வாசித்த நான், நனைந்த ஒரு வீட்டு மூலையில்தான் அதைப் பார்த்தேன்.

கோபப்பட்ட அந்த வரியும் அப்போது வேறு மாதிரி கேட்டது. அதைச் சொன்ன இயேசு கலங்காதவர் இல்லை. செத்துப்போன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் ஆவியிலே கலங்கியவர், கண்ணீர் விட்டவர். "இப்பொழுது என் ஆத்துமா கலங்குகிறது" என்று இரண்டு அதிகாரம் முன்னால்தான் அவரே சொல்கிறார். கலங்கின ஒருவர் கலங்கினவர்களிடம் சொன்ன வார்த்தை அது. வெளியே நின்று அதட்டியது இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

காலையில் அம்மா தட்டை எடுத்தாள். மேலே தெளிந்த தண்ணீர், பானையின் அடி தெரிந்தது. அடியில் ஒரு விரல்கடை சேறு. சேறு எங்கேயும் போகவில்லை. ராத்திரி முழுக்க அதே பானைக்குள்ளேதான் இருந்திருக்கிறது, அடங்கி. அம்மா பானையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அடியை ஆட்டாமல் மெதுவாகச் சரித்து இன்னொரு பாத்திரத்தில் ஊற்றினாள். பிறகு அதைக் கொதிக்க வைத்தாள். (கொட்டை கலங்கலைத் தெளிய வைக்குமே தவிரக் கிருமியை எல்லாம் போக்கிவிடாது. யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் கட்டாயம் கொதிக்க வையுங்கள்.) அந்தத் தண்ணீரில் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். லேசாக மண் வாசனை இருந்தது.

என் நாலு மாதத்தை நினைத்துப் பார்த்தேன். காரணம் சொல்ல வந்தவர்கள் எல்லாம் பானையைக் குலுக்கியவர்கள். வெங்காயம் உரித்த ஆச்சி குலுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

அன்றைக்கு மதியம் நிவாரண அரிசி வந்தது. செம்மணல் தேரிப் பக்கத்து ஊர்களிலிருந்து டெம்போவில் வந்த மூட்டைகள், மேலே மார்க்கர் பேனாவால் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. மெய்ஞ்ஞானபுரம், ஆனந்தபுரம் என்று எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களை வெளியூர்க்காரர்கள் வாசித்தால், ஏதோ நிம்மதியாக வாழ்ந்த ஜனங்கள் வைத்த பெயர் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. 1799-ல் முதலூர் உண்டானபோது அங்கே வந்தவர்கள், விசுவாசத்தில் வந்ததற்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்கள். தேரிக்காட்டில் கொஞ்சம் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அவர்கள் அப்படி உண்டாக்கிய முதல் ஊர் என்பதால் முதலூர். துரத்தப்பட்டு வந்தவர்கள் உண்டாக்கிய சீமை இது.

பக்கத்து ஊர் ஜமாஅத்திலிருந்தும் அன்றைக்கு ஒரு அண்டா சாப்பாடு வந்தது. ஆனால் அம்மா நாலு நாளாக அடுப்பு பற்ற வைக்காமல் இருந்தவள், தன் கையால் சமைக்க வேண்டும் என்றாள். செங்கல் மூன்று கூட்டி, படியில் அரிசியை அளந்தாள். களைவதற்கு முன்னால் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, தனியாக ஒரு டம்ளரில் போட்டாள்.

கைப்பிடி அரிசி. எங்கள் சபைகளில் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி ஆண்டவருக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சேர்ப்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இதே யாரோ பிடி பிடியா எடுத்து அனுப்புனதுதான். இதுல இருந்துமா?" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அரிசியைக் களைந்துகொண்டே, "வாங்குத கை வாங்கிக்கிட்டேதான் இருக்கணுமா? நாளைக்கு எவளாவது நம்மள விடக் கஷ்டப்பட்டு வருவா" என்றாள்.

நம்பிக்கை என்ற சொல்லுக்கு நான் ரொம்ப நாளாக வேறு ஏதோ அர்த்தம் வைத்திருந்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று மனசைத் தயார்பண்ணிக்கொள்வது என்று. அம்மாவிடம் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், "எனக்கு என்ன தெரியும்" என்பாள். ஆனால் வீடெல்லாம் சேறாகக் கிடக்க, நாளைக்கு ஒருத்தி வருவாள் என்று டம்ளரில் ஒரு பிடி போட அவளால் முடிந்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ராத்திரி வழக்கமாக ஊரெல்லாம் நட்சத்திரம் எரியும். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் போட மாட்டார்கள். அந்த வருஷம் ஊரில் எந்த வீட்டிலும் இல்லை, கரண்டும் சரியாக வரவில்லை. கேரல் பாட வாலிபர்கள் நாலைந்து பேர் சேற்றில் மிதித்துக்கொண்டு வந்தார்கள். கித்தார் இல்லை, டிரம் இல்லை. வாசலில் நின்று பாடினார்கள். இரண்டாவது சரணத்தில் நானும் பாடிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. குரல் அடைத்தது, நின்றேன், மறுபடி சேர்ந்துகொண்டேன்.

அவர்கள் போன பிறகு அம்மா மாடியிலிருந்து எடுத்து வைத்திருந்த வேதாகமத்தைக் கொண்டுவந்தாள். தாள்கள் அப்பளம் மாதிரி நெளிந்து காய்ந்திருந்தன, மூட முடியவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். நெளிந்த தாளில் எழுத்து விட்டு விட்டுத்தான் விழுந்தது. அவர் பெயரையும் தேதியையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அதன்மேலேயே எழுதினேன். அம்மா குனிந்து, மை காயும்வரை அந்த இடத்தை ஊதிக்கொண்டே இருந்தாள்.